பழைய பார்ட் எங்கே அண்ணே?

காஞ்சிபுரம் மாவட்டத்து வடக்குப்பட்டிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைக் கிளப்பினாலும், கொஞ்ச தூரத்தில் ஏதாவது ஒரு வாகனக் கம்பெனியின் மதில் வந்துவிடும். ஒரகடத்தில் 2010-இல் ரெனோவும் நிசானும் சேர்ந்து தொடங்கிய ஆலை, 2012 முதல் பாரத்பென்ஸ் லாரிகளைக் கட்டும் டைம்லர், டயருக்கு அப்போலோ, ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் இருக்கிறது, வல்லம் வடகாலிலும் இருக்கிறது, வல்லத்திலேயே யமஹா. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், 1998-இல் முதல் சான்ட்ரோவை வெளியே அனுப்பிய இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய். வாகனங்களைச் சோதித்துப் பார்க்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில்தான். உதிரிபாகம் செய்கிற கம்பெனிகளை எண்ணி மாளாது. எந்த போல்ட் எத்தனை முறுக்கில் இறுகியது என்பதைக்கூட கம்ப்யூட்டர் பதிவு செய்துகொள்ளும் லைனில் எட்டு மணி நேரம் நிற்கிறான் ஒரு பையன். ஷிப்ட் முடிந்ததும் அவன் தன் பைக்கைப் பழுதுபார்க்க விடுகிற ஷெட்டில் ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

என் கார் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. ஒரகடம் கூட்டு ரோட்டில் ஷிப்ட் விடுகிற நேரத்தில், கம்பெனி பஸ்களுக்கும் டிரெய்லர்களுக்கும் நடுவே ஊர்ந்துகொண்டிருந்தால் ஹீட் முள் மேலே ஏறும். வாலாஜாபாத் சாலையில் கொஞ்சம் வேகம் பிடித்ததும் தானாக இறங்கிவிடும். இதை இப்படியே சொல்லித்தான் ஒரு ஷெட்டில் விட்டேன். மெக்கானிக் பானெட்டைத் தூக்கினார், கூலண்ட் டப்பாவை எட்டிப் பார்த்தார், தீர்ப்பைச் சொல்லிவிட்டார்.

“ஹெட் கேஸ்கெட் போயிடுச்சு சார். ஹெட்டை இறக்கித்தான் ஆகணும்.”

“எவ்வளவு ஆகும்ணே?”

“பிரிச்சாத்தான் சார் தெரியும்.”

பிரித்தாகிவிட்டது. பிரித்த பிறகு வண்டியை எங்கே எடுத்துப் போவது? ஹெட் லேத்துக்குப் போனது. அப்புறம் போன் மேல் போன். “எப்படியும் இறக்கியாச்சு, வாட்டர் பம்பையும் மாத்திடலாம் சார்.” “டைமிங் பெல்ட்டும் பழசாத்தான் இருக்கு.” ஒவ்வொரு போனுக்கும் சரி என்றேன், வேறென்ன சொல்ல முடியும், வாட்டர் பம்ப் நன்றாக இருந்ததா இல்லையா என்று வீட்டில் உட்கார்ந்திருக்கிற எனக்கு எப்படித் தெரியும்? கடைசியில் கையில் கொடுத்த தாளில் மூன்று வரிகள்தான்: ஹெட் வேலை, ஸ்பேர், லேபர். கீழே மொத்தமாக 23,400 ரூபாய். கடை பெயர் இல்லை, தேதி இல்லை, எந்த கம்பெனி பார்ட் என்பதும் இல்லை. அதே வாரம், அதே கூட்டு ரோட்டில், முள் மறுபடியும் ஏறியது.

பிறகு பார்த்த ஒரு ஆட்டோ எலெக்ட்ரீஷியன் வண்டியில் ஒரு ஸ்பேனரையும் வைக்கவில்லை. ஏ.சி.யைப் போடச் சொன்னார், ரேடியேட்டர் ஃபேனைப் பார்த்தார். அது சுற்றவில்லை. ரிலே போயிருந்தது. சில நூறு ரூபாயில் வேலை முடிந்தது.

வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்வித்துவிடும். நிற்கும்போது அந்த வேலையை ஃபேன்தான் செய்ய வேண்டும். ஆகவே, நின்றால் சூடு, ஓடினால் சரி என்று ஒருவர் சொன்னால் முதலில் கை வைக்க வேண்டிய இடம் ஃபேன், அதன் ஃபியூஸ், ரிலே, வயரிங். ஹெட் கேஸ்கெட் போனதற்குத் தனி அடையாளங்கள் உண்டு. கூலண்ட் எங்கேயும் ஒழுகாமலே குறையும். ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறும். சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரும். இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் குமிழி கிளம்பும். சந்தேகம் இருந்தால் கூலண்ட் பிரஷர் சோதனையும் கம்ப்ரெஷன் சோதனையும் இருக்கின்றன. இரண்டுக்கும் இன்ஜினைப் பிரிக்கவே வேண்டாம். எளிதில் பார்க்கக்கூடியதை முதலில் பார், பிரிப்பதைக் கடைசியில் செய் என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் சொல்லித்தரும் பாடம்.

திரும்பப் போய்க் கேட்டேன். “கேஸ்கெட்டும் போயிருந்துச்சு சார், ஃபேனும் போயிருந்துச்சு. ரெண்டும் சேர்ந்துதான் ஹீட் பண்ணிச்சு.” இருக்கலாம். பழைய கேஸ்கெட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும், எரிந்த தடம் அதில் இருக்கும். பழைய பார்ட் எங்கே அண்ணே என்றேன். “அதெல்லாம் காயலான் கடைக்குப் போயிடுச்சு சார்.” வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது. அவர் ஏமாற்றினாரா, தெரியாமல் செய்தாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லாமல் இருப்பதைத்தான் குறையாகச் சொல்கிறேன்.

இதை ஒரகடத்து டீக்கடையில் சொல்லிப் பாருங்கள், ஆளுக்கொரு கதை வரும். கிளட்ச் பிளேட் மாற்றியதாகக் காசு வாங்கிக்கொண்டு வயரை மட்டும் இறுக்கிவிட்ட கதை, சர்வீஸுக்கு விட்ட இடத்தில் புது பேட்டரி பழையதாக மாறிய கதை, ஒரிஜினல் என்று சொல்லி மாட்டிய பிரேக் ஷூ ஒரு மழைக்குத் தாங்காத கதை. பிரேக் ஷூ கதை மட்டும் மற்றதைப் போலச் சிரித்துவிட்டுப் போகிற கதையல்ல. இந்தச் சாலையில் இரவு ஷிப்டுக்கு பைக்கில் போகிறவர்களுக்கு முன்னாலும் பின்னாலும் வருவது டிரெய்லர்.

சரி, ஷெட் வேண்டாம், கம்பெனி சர்வீஸ் சென்டருக்கே போகலாம் என்பீர்கள். அங்கே பேப்பருக்குக் குறைவில்லை, ஜாப் கார்டு உண்டு, ஜி.எஸ்.டி. பில் உண்டு. ஆனால் இன்ஜின் ஃப்ளஷ், த்ராட்டில் பாடி க்ளீனிங், ஏ.சி. கிருமிநீக்கம், அண்டர்பாடி கோட்டிங் என்று கேட்காமலே சில வரிகள் அந்தப் பில்லில் ஏறி உட்கார்ந்திருக்கும். வண்டியோடு வந்த கையேட்டில் எத்தனையாவது கிலோமீட்டரில் என்ன செய்ய வேண்டும் என்று அட்டவணை இருக்கிறது; அதில் இல்லாத எதையும் வேண்டாம் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டு. சொன்னால் சர்வீஸ் அட்வைசரின் முகம் மாறும். வெளியே காட்டப் போகிறேன் என்றால் ஒரே வாக்கியம்தான் வரும்: “வாரன்ட்டி போயிடும் சார்.”

இந்த வாக்கியத்தின் பின்னே ஒரு பெரிய வழக்கு இருக்கிறது. உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் கார் கம்பெனிகள் தங்கள் டீலர்களைத் தவிர வெளி மெக்கானிக்குகளுக்குக் கொடுப்பதில்லை என்று ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். ஆணையம் 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. நம்மூர் நிசானும் அதில் ஒன்று, மறைமலை நகரில் ஆலை வைத்திருந்த ஃபோர்டும் ஒன்று. அடுத்த ஆண்டு தனி உத்தரவில் ஹூண்டாய்க்கு 420.26 கோடி. மேல்முறையீட்டில் சில நிறுவனங்களின் அபராதம் குறைக்கப்பட்டது. அபராதக் கணக்கைவிட நமக்கு வேண்டியது அந்த உத்தரவு சொன்ன வழிமுறை: உதிரிபாகமும் பழுதறியும் கருவியும் வெளிச்சந்தையில் கிடைக்கச் செய்ய வேண்டும்; வெளி மெக்கானிக்கிடம் காட்டினார் என்பதற்காகவே வாரன்ட்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக்கூடாது; வெளியே செய்த வேலையால் கெட்டுப்போன பகுதிக்கு மட்டும், அதுவும் தக்க காரணத்தோடு மறுக்கலாம். இந்த உத்தரவு வந்த பின்னும் அதே வாக்கியத்தை ஒரு சர்வீஸ் சென்டர் கவுன்டரில் நான் கேட்டிருக்கிறேன்.

அந்த உத்தரவைப் படித்த பிறகு ஷெட் மெக்கானிக் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி இறங்கிவிட்டது. 2020 ஏப்ரல் 1 முதல் விற்கிற வண்டியெல்லாம் பி.எஸ்.-6. பைக்கிலும் கார்ப்யூரேட்டர் போய் எஃப்.ஐ. என்கிற ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. காதால் கேட்டு, ஸ்க்ரூவைத் திருகி டியூன் செய்த தலைமுறை இன்று சென்சார்களின் முன்னால் நிற்கிறது. சில நூறு ரூபாய் ப்ளூடூத் ரீடர் ஒரு பிழைக் கோடு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். ஆக்சிஜன் சென்சார் என்று திரையில் வந்தால் சென்சார்தான் கெட்டது என்று பொருளில்லை. காற்று எங்கோ கசிந்திருக்கலாம், வயலோரம் நிறுத்திய வண்டியின் வயரை எலி கடித்திருக்கலாம். கோடு வந்ததும் பார்ட்டை மாற்றுவது, போகவில்லை என்றால் அடுத்த பார்ட்டை மாற்றுவது என்று நம் காசில் பரிசோதனை நடக்கிறது. எல்லா சிஸ்டத்தையும் திறந்து காட்டும் ஸ்கேனரும் வயரிங் படமும் கம்பெனி பூட்டுக்குள் இருக்கின்றன. 2022-இல் இந்தியத் தொல்லியல் துறை வடக்குப்பட்டில் தோண்டியபோது கற்காலக் கருவிகள் கிடைத்தன. அந்தக் காலத்து மனிதனுக்கு வேண்டிய கருவி அவன் கையில் இருந்திருக்கிறது. இந்தக் காலத்து மெக்கானிக்குக்கு இல்லை.

இதற்காக வாடிக்கையாளர் ஏமாந்துகொண்டே இருக்க வேண்டும் என்பதில்லை. 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி செய்த வேலைக்கு பில் கொடுக்காமல் இருப்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. தெரிவிக்க வேண்டிய தகவலை வேண்டுமென்றே மறைப்பது சேவைக் குறைபாடு. போலி உதிரிபாகத்தை விற்று, அதனால் யாருக்காவது பாதிப்பு ஏற்பட்டால் சிறைத்தண்டனைக்கே இடமுண்டு. அது கொடுங்காயமாக இருந்தால் ஏழு ஆண்டு வரை. உதிரிபாகம் பெட்டியில் வருகிறதென்றால் அதில் எம்.ஆர்.பி. இருக்க வேண்டும். ‘பெட்டியைக் காட்டுங்க அண்ணே’ என்று கேட்டாலே ஷெட்டில் பாதிப் பேச்சு அடங்கிவிடும்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு வக்கீல் இல்லாமலே போகலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. 34-ஆவது பிரிவில் பலருக்குத் தெரியாத ஒரு வசதி இருக்கிறது: கடை எங்கே இருந்தாலும், புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ வழக்குப் போடலாம். விருதுநகரில் லீவுக்குப் போனபோது வண்டியைப் பாழாக்கிய ஷெட்டின் மேல், ஒரகடத்தில் வேலை பார்க்கிறவர் இங்கிருந்தே வழக்குத் தொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்குள் தொடுத்துவிட வேண்டும். 2025 ஜனவரி 1 முதல் இ-ஜாக்ரிதி என்ற இணையதளமும் இதற்கு இருக்கிறது.

ஆனாலும் யாரும் போவதில்லை. ஆறாயிரம் ரூபாய் பைக் வேலைக்காக ஷிப்டை விட்டுவிட்டு வாய்தா வாய்தாவாக அலைய யாருக்கு முடியும்? எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்து மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம், நடைமுறை வேறு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம், அது உண்மையிலேயே பயன்படுகிறது. ஆனால் உடன்பாடு செய்துகொண்ட பெரிய கம்பெனிகளுக்குத்தான் அங்கிருந்து புகார் நேராகப் போகிறது. தகரக் கூரை போட்ட ஷெட்டுக்கு மின்னஞ்சல் முகவரி ஏது? அதைத் தாண்டினாலும் ஆணையம் கேட்கப்போவது ஆதாரத்தை. வேலை தவறு என்று தொழில் தெரிந்த ஒருவர் எழுதித் தர வேண்டும். பக்கத்து ஷெட்காரர் எழுதித் தரமாட்டார். நாளைக்கு அவர் முகத்தில் இவர் விழிக்க வேண்டும்.

அரசின் பங்கு இங்கேதான் விசித்திரம். புகைச் சோதனை மையம் நடத்தப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். டிரைவிங் ஸ்கூலுக்கு லைசென்ஸ் வேண்டும். அதே வண்டியின் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் கழற்றி மாட்டுகிறவருக்குத் தொழில் தெரியுமா என்று கேட்க எந்த அலுவலகமும் இல்லை. உள்ளாட்சியில் தொழில் உரிமம் எடுத்தால் போதும், அதையும் எடுத்தவர்கள் எத்தனை பேரோ. கலிஃபோர்னியாவில் 1971-லேயே வாகனப் பழுதுபார்ப்புக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள். ஷெட் ஒவ்வொன்றும் பதிவு செய்துகொள்ள வேண்டும். வேலைக்கு முன்பே எழுத்தில் எஸ்டிமேட் தர வேண்டும். தொகை கூடினால் மறுபடி சம்மதம் வாங்க வேண்டும். முதலிலேயே கேட்டுவைத்தால் கழற்றிய பழைய பார்ட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். மீறினால் பதிவு போகும். அங்கே 50 ஆண்டுக்கு மேல் நடந்துகொண்டிருக்கிற விஷயம் நமக்கு இன்னும் மனுவில் எழுத வேண்டியதாக இருக்கிறது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் பழுதுநீக்கும் உரிமைக்கென்று குழு அமைத்தது, அதே ஆண்டு டிசம்பர் 24 அன்று ஒரு இணையதளமும் திறந்தது. வாகனத் துறையும் அதன் பட்டியலில் இருக்கிறது. சட்டம் வரவில்லை.

அதுவரை காத்திருக்காமல் இந்தப் பகுதியில் செய்யக்கூடியதைச் செய்யலாம். மாநில நுகர்வோர் பாதுகாப்புத் துறையும் போக்குவரத்துத் துறையும் சேர்ந்து ஒரு பக்க வேலைச் சீட்டைக் கட்டாயமாக்கட்டும். வாடிக்கையாளர் சொன்ன குறை அவர் வார்த்தையிலேயே, கிலோமீட்டர் எண், பிரிப்பதற்கு முன் என்னென்ன சோதித்தோம், தோராயத் தொகை, கூடினால் வாட்ஸ்ஆப்பில் சம்மதம், பழைய பார்ட் திருப்பித் தரப்பட்டதா — இவ்வளவு இருந்தால் போதும். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து இங்கே வாடகை வீடுகளில் இருப்பவர்கள்தான் மொழி தெரியாமல் அதிகம் ஏமாறுகிறார்கள். அவர்களுக்குப் புரிகிற மொழியிலும் அச்சிட்டால் என்ன? பெரிய கம்ப்யூட்டர் வேண்டாம், கார்பன் வைத்த பில் புத்தகம் போதும். சீட்டு நேர்மையான மெக்கானிக்கையும் காப்பாற்றும். ‘நீ தொட்ட பிறகுதான் கெட்டது’ என்று வீண்பழி போடுகிற வாடிக்கையாளரும் இந்த ஊரில் இல்லாமல் இல்லை.

தொழில்நுட்பக் கருத்துக்கு அரசு ஐ.டி.ஐ.களில் மோட்டார் மெக்கானிக் பிரிவு ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அவர்களில் சிலரைக் குழுவாக அறிவித்து, சிறு தொகைத் தகராறுகளில் வண்டியைப் பார்த்து ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லலாம். ஸ்ரீபெரும்புதூரில் நீதிமன்றம் இருக்கிறது, தாலுகா சட்டப் பணிகள் குழு இருக்கிறது. வழக்காவதற்கு முன்பே இரு தரப்பையும் அழைத்துப் பேசி முடிக்க அந்தக் குழு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இதற்கென்று உட்கார்ந்தால், ஷிப்ட் போகாது.

கம்பெனிகளிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. பெரிய கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதம் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும். பள்ளிக்கு பெஞ்சும் ஏரிக்கரைக்கு மரக்கன்றும் நல்லவைதான். ஒரகடத்தில் ஒரு பொதுப் பயிற்சிக் கூடம் வைத்து, ஷெட் மெக்கானிக்குகளுக்கு எஃப்.ஐ.யும் ஸ்கேனரும் சொல்லிக்கொடுத்து, அனுபவத்தைச் சோதித்துச் சான்று தரும் மத்திய அரசின் திறன் திட்டத்தில் அவர்களைச் சேர்த்துவிடுவது இந்தக் கம்பெனிகளால் முடியாத காரியமா? கற்றவர் சான்றை ஷெட்டில் மாட்டிவைக்கட்டும், நாம் பார்த்து வண்டியை விடுவோம். வயரிங் படத்தையும் சர்வீஸ் தகவலையும் நியாயமான விலைக்குத் திறந்துவிடுவது சமூகப் பொறுப்பில்கூட வராது, 2014-லேயே போட்டி ஆணையம் சொன்ன வேலை அது.

காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் இதை மனுவாகக் கொடுக்கலாம். அதைவிடக் கிட்டத்தில் கிராம சபை இருக்கிறது. தொழில் உரிமம் கொடுப்பது உள்ளாட்சி என்பதால், லேபர் கட்டணப் பலகையும் வேலைச் சீட்டும் வைத்திருக்கிற ஷெட்டுக்குத்தான் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும் என்று கிராம சபையில் தீர்மானம் கேட்கலாம். மெக்கானிக்குகளையும் கூப்பிட்டு உட்கார வைத்தே பேசலாம். லேத்துக்காரரும் ஸ்பேர் கடைக்காரரும் வந்தால் இன்னும் நல்லது. கிராம சபை கூடும் நாட்களில் மே 1-உம் ஒன்று. அன்று ஆலைகளுக்கு விடுமுறை, இங்கே ஓட்டு இருக்கிற தொழிலாளர்கள் ஊரில்தான் இருப்பார்கள்.